மஞ்சள் கோட்டில் இரண்டு புள்ளிகள்

வெள்ளவத்தை
12.02.2024

என்ர அன்புத் தம்பி ஜனாவுக்கு,

அக்கா நல்ல சுகம். முழங்கால் மட்டும் தனிநாடு கேக்குது. பேச்சுவார்த்தை நடக்குது, நீ யோசியாதை.

நீ சொன்னபடி போனைப் பல்கனிக் கம்பியில வைச்சு, உடுப்புக் காயப்போடுற கிளிப்பால இறுக்கி, காலி வீதியில சனம் கடக்கிற மஞ்சள் கோட்டைப் பாக்க விட்டிட்டன். பின்னேரம் அஞ்சு மணிக்குப் பொத்தானை அமத்துறன், ஆறு மணிக்கு நிப்பாட்டுறன். முதல் நாள் முழுக்க என்ர பெருவிரல்தான் படம். அதையும் அழிக்கேல்லை. அதுக்கும் ஏதும் விதி இருந்தால் கண்டுபிடி.

எங்கட பிளாற் கமிற்றித் தலைவர் நாகேந்திரத்தார் படியில மறிச்சிட்டார்.

"என்ன கனகேஸ்வரி, ரோட்டைப் படம் பிடிக்கிறியாம். ஆருக்கு?"

"தம்பிக்கு. சனம் எப்பிடி ரோட்டுக் கடக்குது எண்டு ஜேர்மனியில படிக்கிறான்."

"ஜேர்மனியில ரோட்டு இல்லையோ?"

"இருக்குது. அங்க சனம் சிவப்பு லைற்றுக்கு நிக்குமாம். அதில படிக்க ஒண்டுமில்லையாம்."

எனக்கு விளங்கினமட்டில அவருக்கு விளங்கப்படுத்தினன். கல்லு கீழ விழுற மாதிரி, தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி மனுசரும் ஒரு கணக்குப்படிதான் நடக்கினம், ஆரும் அதிகாரம் பண்ணாமலே தன்ரபாட்டில ஒழுங்கு வரும் எண்டு. மனுசன் கேக்குது, "அப்ப இந்தக் கமிற்றி என்னத்துக்கு?" நான் சிரிச்சன். அண்டையில இருந்து என்னோட கதை இல்லை.

முகம் ஒண்டும் தேவையில்லை, கம்பியூட்டர் எல்லாரையும் புள்ளியாத்தான் பாக்கும் எண்டு சொன்னாய். நல்லதுதான். புள்ளியா நடந்தால் நாங்கள் எல்லாரும் மெலிவாத் தெரிவம்.

இந்த மெமறிக் காட்டை நெற்றில அனுப்பக்கூடாது, தபாலிலதான் வரவேணும் எண்டு உங்கட யூனிவேர்சிற்றி சட்டம் போட்டது என்ர அதிர்ஷ்டம். போனில உனக்கு "ம்", "ஓம்", "சரியக்கா" மூண்டையும் விட்டால் வேற பாசை இல்லை. கடுதாசியில எண்டால் பந்தி பந்தியா எழுதுவாய். எனக்கும் ஆறாம் வகுப்போட விட்ட பேனையைத் திரும்பப் பிடிக்க ஒரு சாட்டு.

லிப்ட் வேலை செய்யுது. திருத்த வந்த மனுசன் கெட்டிக்காரன்.

அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வந்தனீ. ரெண்டு வருசம் போட்டுது. எப்ப வாறாய் எண்டு கேக்கமாட்டன். கேட்டால் "ம்" எண்டுவாய்.

கடைக்குப் பொரிக்கிற ரோல்ஸ் உருட்டின கையோட,
அக்கா கனகேஸ்வரி


ஆகன், ஜேர்மனி
06.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

காட் பழுதில்லாமல் வந்தது. உங்கள் பெருவிரலை இங்கே எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். முழங்காலுக்கு டொக்டரிடம் போனீர்களா? "பேச்சுவார்த்தை" என்று மழுப்பாமல் எழுதுங்கள்.

படம் நான் எதிர்பார்த்ததைவிட நல்லது. நீங்கள் தாச்சியில் எண்ணெய் காயவைக்கிறபோது கவனித்திருப்பீர்கள். பொரிக்கிற சூடு வருவதற்கு முன்னம் எண்ணெயின் மேல்பக்கம் தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக நெளியும். அந்தக் கட்டத்தை யாரும் கீறவில்லை. கீழே சூடு, மேலே குளிர், நடுவில் எண்ணெய். அவ்வளவும் இருந்தால் கோலம் தானாக வந்தே தீரும்.

காலி வீதியிலும் அதேதான் நடக்கிறது. பச்சை விழுந்ததும் இரண்டு பக்கச் சனமும் நடுரோட்டில் முட்டுப்பட வேண்டும். முட்டுப்படுவதில்லை. ஒவ்வொருவரும் முன்னுக்குப் போகிறவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு போக, கடல் பக்கம் போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும் இரண்டு சீப்பைக் கோர்த்த மாதிரி வரிசை வரிசையாகப் பிரிந்துவிடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கணக்கில் இரண்டே விசைகள்தான். போக வேண்டிய இடம் இழுக்கும், பக்கத்தில் வருகிறவர் தள்ளுவார். இவ்வளவை வைத்தே ஒரு புள்ளி அடுத்த கணம் எங்கே கால் வைக்கும் என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. தாமே தெரிவு செய்து நடப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் பல்கனி உயரத்தில் இருந்து பார்த்தால் தெரிவு என்று எதுவும் கண்ணில் படுவதில்லை.

இரண்டு புள்ளிகள் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. ஒன்று நம் பக்கம் வந்து லைற் கம்பத்துக்குக் கீழே நிற்கும். பச்சை விழும், போகாது. இன்னொரு பச்சை, அப்போதும் போகாது. பிறகு ஸ்ரேசன் பக்கம் இருந்து மற்றது ரோட்டைக் கடந்து இதற்குக் கிட்ட வரும். உடனே இரண்டும் திரும்பி, மற்றது வந்த பக்கமே கடந்து போகும்! முதலாவது புள்ளி தானே கடந்து போயிருக்கலாம், அல்லது இரண்டாவது அங்கேயே நின்றிருக்கலாம். ஒருவர் ஒரு பயனும் இல்லாமல் காலி வீதியை இரண்டு தடவை கடக்கிறார். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த யாருமா? இல்லாவிட்டால் விதிவிலக்கு என்று இரண்டையும் கழித்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஜனா


வெள்ளவத்தை
25.03.2024

அன்புத் தம்பி,

டொக்டரிட்டப் போனனான். மெலியச் சொன்னார். அவரின்ர வயிறு எனக்கு முன்னால மேசையில இருந்தது.

எண்ணெயைப் பாத்தன். நீ சொன்னது சரி, கட்டம் கட்டமா நெளியுது. இத்தனை வருசம் பொரிச்சும் காணாமல் விட்டிட்டன். நஸீறாவைக் கூட்டிவந்து காட்டினன். என்ர ரோல்ஸை வாங்கி விக்கிற தேத்தண்ணிக் கடைக்காரி, உனக்குத் தெரியுந்தானே. அவ எண்ணெயைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தா. "எண்ணெய் கெடக்கட்டும் கனகா, ஒங்கட மொகத்துல என்ன இப்ப ஒரு வெளிச்சம்?" எண்டா. அடுப்புச் சூடு எண்டன்.

அந்த ரெண்டு புள்ளியையும் பற்றிக் கேட்டாய். எனக்கென்ன தெரியும்? ஒரு நாளைக்கு எத்தினை சனம் அதால போகுது. முதலாவது புள்ளிக்குக் கால் நோவா இருக்கும், பாவம். ரெண்டாவதுக்கு இந்தப் பக்கம் வெத்திலைக் கடையில ஏதும் அலுவல் இருக்கும். இல்லாட்டி மறதிக்காரனா இருக்கும். வந்தாப்பிறகுதான் வந்திருக்கத் தேவையில்லை எண்டு நினைவு வரும்.

ஆனா கழிக்காதை. ஏன் கழிக்கிறாய்? ரெண்டும் அந்த மூலையில ஆருக்கும் இடைஞ்சல் இல்லாமல்தானே நிக்குதுகள். உன்ர கணக்கு அவ்வளவு பெரிசு எண்டால் ரெண்டு புள்ளிக்கு அதில இடம் இல்லையே? படிச்ச பிள்ளை, கொஞ்சம் விட்டுக்குடுத்துப் பழகு.

புள்ளியள்தானே. ஆர் எண்டு அறிஞ்சு என்ன செய்யப்போறாய்.

இதோட ரெண்டாவது காட் வருது.

உன்ர அக்கா


ஆகன்
10.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எந்த விஷயத்தையும் இரண்டு வரியில் முடிக்கிற நீங்கள் இரண்டு புள்ளிக்காக அரைப் பக்கம் வாதாடியிருந்தீர்கள். அதனால் புள்ளிகளை மூடிவிட்டுப் படத்தையே திறந்து பார்த்தேன்.

அக்கா, காட்டில் இருப்பது புள்ளி இல்லை. முழுப் படம். நான் இங்கே கம்பியூட்டரில் போட்ட பிறகுதான் ஆட்கள் புள்ளி ஆகிறார்கள். அதை உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லாதது என் பிழை. போனைப் படம் பிடிக்க விட்டுவிட்டு, தலை வாரி இழுத்து, பச்சைக் குடையோடு கேற்றால் வெளியே வந்து கம்பத்துக்குக் கீழே நிற்பது நீங்கள்.

அவர் யார் என்று நான் கேட்கவில்லை. என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒரே சுவரில் இரண்டு ஊசல் மணிக்கூட்டைக் கொழுவினால், சுவருக்குள்ளால் ஒன்றின் அசைவு மற்றதற்குப் போய், கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கும். மணிக்கூடுகள் அதைத் தீர்மானிப்பதில்லை. அம்மா போன பிறகு வீடு வெறுமை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு ஒருவர் வருகிறார். தாளம் ஒத்துப்போகும். அந்த இடத்தில் வேறு யார் வந்திருந்தாலும் அதுவே நடந்திருக்கும்.

ஒரு மாதம் கீழே இறங்காமல் இருந்து பாருங்கள். சூட்டை நிறுத்தினால் எண்ணெயில் கோலம் கலையும். இதுவும் கலையும். நாகேந்திரம் அண்ணை ஆட்கள் கதைக்கத் தொடங்குவதற்கு முன்னம் கலைந்தால் நல்லது.

அன்புடன்,
ஜனா

அடுத்த காட்டைக் கெதியாக அனுப்புங்கள்.


வெள்ளவத்தை
12.05.2024

அன்புத் தம்பி ஜனா,

அட பாவி. என்ர களவை நானே படம் பிடிச்சு, கவரில போட்டு, முத்திரையும் ஒட்டி, ரெஜிஸ்டரில அனுப்பியிருக்கிறன். உலகத்தில வேற எந்தப் பொம்பிளையாவது இந்த வேலை பாத்திருப்பாளோ? உன்ர கடுதாசியை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் வெக்கப்பட்டன். பிறகு சிரிப்பு வந்திட்டுது. இருமல் எடுக்குமட்டும் சிரிச்சன்.

நீ கேக்காட்டிலும் சொல்லுறன். பேர் வலன்ரைன். கொட்டாஞ்சேனை, சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். என்னைவிட மூண்டு வயசு மூப்பு. மனுசி செத்துக் கனகாலம், பிள்ளையள் இல்லை. லிப்ட் திருத்துறவர். தையில நான் ரோல்ஸ் தட்டோட லிப்டுக்குள்ள மாட்டுப்பட்டன், கறண்டும் போட்டுது. அவர் வெளியில நிண்டு, "அம்மா பயப்படாதீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். நான் உள்ளுக்க இருந்து, "எனக்குப் பயமில்லை, ரோல்ஸ் ஆறுது" எண்டன். கதவைத் திறந்தால் மனுசன் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறார். ஒரு ரோல் குடுத்தன். ஆறினதுதான், நல்லாயிருக்கு எண்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

பின்னேரத்தில கடற்கரை ரோட்டில கொஞ்சத்தூரம் நடப்பம். அவ்வளவுதான். உன்ர காட்டில அது விழாது, அதுக்கு ஒரு நன்றி.

நீ கண்டுபிடிச்ச கேள்வியை நானும் அவரிட்டக் கேட்டனான்.

"ஏன் சும்மா ரெண்டு தரம் கடக்கிறியள்? எனக்கு ரோட்டுக் கடக்கத் தெரியும். நான் வருவன்தானே."

"தெரியும்."

"அப்ப?"

"நீங்க அங்க நிக்கிறீங்க. நான் இங்க நின்டு என்ன செய்றது?"

இதுக்கு உன்ர மணிக்கூட்டில என்ன பதில் இருக்குதோ எனக்குத் தெரியாது.

ஆனா உன்ர சொல்லை நான் தட்டேல்லை. படிச்ச தம்பி சொல்லுறான், செய்து பாப்பம் எண்டு பத்து நாள் கீழ இறங்காமல் இருந்தன். ஒரு மாசம் என்னால ஏலாது, அதுக்கு மன்னிச்சுக்கொள். அவருக்கு முழங்கால் நோ எண்டு போனில பொய் சொன்னன். சரி, ஓய்வெடுங்க எண்டார். அண்டைக்கும் பின்னேரம் வந்தார். ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, நான் நிக்கிற கம்பத்துக்குக் கீழ கொஞ்ச நேரம் நிண்டிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த நாளும் அப்பிடித்தான். பல்கனிக்கு வரக்கூடாது எண்டு எனக்கு நானே சத்தியம் பண்ணிப்போட்டு யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டன். போனில கேட்டன், ஏன் வாறியள் எண்டு. "வேல முடிஞ்சு இந்த வழியாத்தானே வீட்டுக்குப் போறது" எண்டார். கோட்டையில வேலை, கொட்டாஞ்சேனையில வீடு! நடுவில வெள்ளவத்தை எங்க வந்தது? சொன்னன்தானே, பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அந்தப் பத்து நாளும் இந்தக் காட்டில இருக்குது. கோலம் கலைஞ்சுதோ இல்லையோ எண்டு நீயே பார்.

இப்ப சிரிச்சுக்கொண்டு எழுதுறதை நிப்பாட்டுறன். கலியாணம் செய்வம் எண்டு கேட்டிருக்கிறார். என்ர தம்பியின்ர மறுமொழி வரட்டும் எண்டு சொல்லியிருக்கிறன். உன்னட்ட உத்தரவு கேக்கேல்லை ஜனா. உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு திரிஞ்சவள் நான், உத்தரவு கேக்கிற வயசை ரெண்டு பேரும் தாண்டியிட்டம். ஆனா நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டால் எனக்கு இந்தச் சந்தோசம் செமிக்காது. எனக்கு எண்டு இருக்கிறது நீ ஒருத்தன்.

நாகேந்திரத்தார் என்ன சொல்லுவார் எண்டதை என்னட்ட விடு. உனக்குப் பிடிக்கேல்லை எண்டால் பிடிக்கேல்லை எண்டு எழுது. மணிக்கூட்டிலயும் எண்ணெயிலயும் பழியைப் போடாதை.

அக்கா


ஆகன்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளும் பார்த்தேன். ஒரு நாள் மழை. அவரிடம் குடை இல்லை. வெத்திலைக் கடைத் தாழ்வாரத்துக்குக் கீழே ஒதுங்கியிருக்கலாம், அவர் கம்பத்தடியிலேயே நின்றார்.

உங்கள் இருவரையும் நான் கழிக்கவில்லை. என் சமன்பாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். ஒருவர் வழக்கமாக நிற்கும் இடம், அவர் அங்கே இல்லாதபோதும் மற்றவரை இழுக்கும் என்று. சேர்த்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. அவர் எந்தப் பச்சைக்குக் கடப்பார், எவ்வளவு நேரம் நிற்பார், எப்போது திரும்புவார், எல்லாவற்றையும் கணக்குச் சரியாகச் சொல்லுகிறது. ஆகவே விதி பிழைக்கவில்லை அக்கா. நான் முதலில் எழுதிய விதியில் ஒரு விசை குறைந்திருந்தது.

அதை எழுதி முடித்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். என் ஆராய்ச்சிக்குத் தேவையான படம் முழுவதும் பங்குனியிலேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒரு காட்டும் எனக்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் கெதியாக அனுப்புங்கள் என்று எழுதினேன். வந்ததும் புள்ளியாக்காமல், நீங்கள் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பத்து நாள் நீங்கள் இறங்காத காட்டில் கேற் திறக்கவே இல்லை. அவர் ரோட்டில் நின்று பார்த்தார். நான் இங்கே இருந்து பார்த்தேன்.

பிடிக்கவில்லை என்றால் அப்படி எழுது என்று சொன்னீர்கள். பிடிக்கவில்லை. காரணம் அவர் இல்லை, அவர் நல்லவராகத்தான் தெரிகிறார். அவர் வேதக்காரர் என்பதும் இல்லை. நீங்கள் அந்தப் பிளாற்றில் தனியாக இருக்கும்வரை அது என் வீடு. எந்த வருஷம் வந்து பெல் அடித்தாலும் நீங்கள்தான் திறப்பீர்கள். இனி அது உங்கள் இரண்டு பேருடைய வீடு. நான் விருந்தாளி. இதை நினைத்துத்தான் மணிக்கூட்டுக் கதை எழுதினேன். உங்கள் தனிமையில் நான் குடியிருந்திருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓம் என்று எழுதப் பார்த்தேன். கை போகவில்லை. கொஞ்ச நாள் தாருங்கள்.

ஜனா


வெள்ளவத்தை
24.06.2024

என்ர குஞ்சு ஜனாவுக்கு,

உன்ர கடுதாசியைக் குசினியில நிண்டு வாசிச்சதால ஒரு தட்டு ரோல்ஸ் கருகிப்போச்சு. கருகினதைப் பாத்து நஸீறா, "என்ன, தம்பிட கடிதமா?" எண்டு கேட்டா. அவவுக்கும் ஏதோ விதி தெரிஞ்சிருக்குது.

நீ இவ்வளவு நீளத்துக்கு மனசில உள்ளதை எழுதினது இதுதான் முதல் தரம். பிடிக்கேல்லை எண்டு எழுதினதுக்குக் கோவம் இல்லை. மணிக்கூட்டை விட இது எவ்வளவோ மேல், எனக்கு ஒரே வாசிப்பில விளங்கினது.

ஆனா நான் நாள் வைச்சிட்டன். ஆவணி முதல் ஞாயிறு. உன்ர கை ஓம் எண்டு எழுதுமட்டும் நிப்பம் எண்டுதான் முதல் யோசிச்சன். பிறகு கம்பத்தடியில மழையில நிண்ட ஆளை நினைச்சன். அந்த மனுசனை இன்னும் எத்தினை பச்சைக்கு நிக்கவிடுறது?

விருந்தாளிக் கதை கதையாதை. உன்ர அறை உன்ர அறைதான். அதில அலுமாரியைத் திறக்கக்கூடாது எண்டு அவருக்குச் சொல்லியாச்சு. "நான் லிப்ட்டத் தவிர வேற ஒண்டும் தெறக்கமாட்டேன்" எண்டார். கதவு ஆர் திறந்தால் என்ன, உள்ளுக்க நான்தானே இருப்பன்.

கலியாணம் வீட்டிலதான். ரெஜிஸ்ராரும் கொஞ்சச் சனமும். அவரின்ர தமையன் றேமண்ட் வருவார். கோயிலோ சேர்ச்சோ எண்டு சண்டை இல்லை, ரெண்டுக்கும் அடுத்த நாள் போவம். ஆனா ஒரு சடங்கு மட்டும் எனக்கு வேணும். மாப்பிளை வாசலில வரேக்க பொம்பிளையின்ர தம்பி தண்ணி ஊத்திக் கால் கழுவி உள்ள கூட்டிவாறது. வலன்ரைனுக்குச் சொன்னன். மனுசன் பதறிப்போட்டார். "படிச்ச பொடியன், என்ட கால்லயா?" எண்டு. அதுதான் எங்கட முறை, பேசாமல் காலை நீட்டுங்கோ எண்டன்.

நாகேந்திரத்தார் இப்ப என்னோட ராசி. "தம்பி வராட்டில் பிளாற் சார்பில நான் கழுவிவிடுறன் பிள்ளை" எண்டு கேட்டார். கமிற்றிக்கு வேற வேலை இருக்கு எண்டு அனுப்பிப்போட்டன். நீ வராட்டில் வேற ஒருத்தரும் கழுவ வேண்டாம். அவர் கழுவாத காலோடயே உள்ள வரட்டும். வாழ்நாள் முழுக்க நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா ஒவ்வொரு முறையும் வாசலைப் பாப்பன்.

இந்தக் கவருக்குள்ள காட் இல்லை.

உன்ர அக்கா கனகேஸ்வரி


ஆகன்
12.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன். நான் ரிக்கெற் எடுத்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பணம் கட்டுகிற பொத்தானை அமத்த முன்னம் எவ்வளவு நேரம் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை எந்தக் கணக்கிலும் போட எனக்கு மனமில்லை.

கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்குவேன். எயார்போர்ட்டுக்கு வரவேண்டாம், முழங்கால் நோவோடு அலையவும் வேண்டாம்.

இங்கே கேட்டறிய ஒருவரும் இல்லை. கழுவும்போது வலது காலை முதலில் கழுவுவதா, இடது காலையா? ஒரு தடவை ஊற்றினால் போதுமா? துடைப்பதற்குத் துவாயை நான் வைத்திருப்பதா, அத்தான் தன்னுடையதைக் கொண்டுவருவாரா?

ஜனா